சட்டாம்பிள்ளையும் ஒரு நோட்டும்: கல்லூரி மாணவர்களின் கற்றலை ஒருங்கிணைப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

சோழவந்தானிலிருந்து மதுரைக் கல்லூரிகளுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்காக நானும் நண்பர்கள் சிலரும் செய்துவரும் வேலையைப் பற்றி எழுதும்படி தோழர்கள் கேட்டார்கள். சின்ன வேலைதான். எந்தப் பாடத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேரையும் சந்திக்க வைப்பது. டியூசன் அல்ல; நாங்கள் யாரும் பாடம் எடுப்பதில்லை. ஆனால் இந்தச் சின்ன வேலையில் இறங்கியபோதுதான் அறிவுக்கும் அதிகாரத்துக்கும் சாதிக்கும் இடையிலான முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. அவற்றைப் பேசுவதே இங்கு நோக்கம்.

முதலில் வந்த பையன் சொன்னது இது: "அண்ணே, ஸ்டாட்ஸ்ல ரெண்டு அரியர் கெடக்கு. யார்ட்டப் போயி கேக்குறதுன்னே தெரியலண்ணே." வாக்கியத்தின் முதல் பாதியைத்தான் எல்லோரும் கவனிக்கிறோம். பையன் மக்கு, அடித்தளம் சரியில்லை, உழைப்பு போதாது என்று விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. இரண்டாம் பாதியை யாரும் காதில் வாங்குவதில்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு யாரைக் கேட்பது என்பது ஒரு கேள்வியே அல்ல. சித்தப்பா இருக்கிறார், சித்தப்பாவின் நண்பர் இருக்கிறார், போன வருடம் அதே பாடத்தை எழுதிய அத்தை மகள் இருக்கிறாள். பூர்தியூ 'கலாச்சார மூலதனம்' என்று சொன்னதில் நூல்களும் ரசனையும் மட்டுமல்ல, இந்த 'யாரைக் கேட்பது' என்பதும் சேர்த்தி. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவரின் மகளுக்கு அந்த மூலதனம் கிடையாது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 கணக்குப்படி தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் அது 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். உள்ளே போன பிள்ளை யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

வளங்கள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1960, 70களில் தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடங்களுக்கென்று நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களைக் கொண்டுவந்தன. இன்று அவற்றில் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. ஐஐடிகளின் என்பிடெல் பாடங்கள் 2003இலிருந்து இருக்கின்றன. 2017இல் ஸ்வயம் வந்தது, 2022இல் மாநில அரசின் 'நான் முதல்வன்' வந்தது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. எல்லாம் இருக்கிறது. இவற்றுக்கும் சோழவந்தான் பிளாட்பாரத்தில் நிற்கும் பிள்ளைக்கும் நடுவே ஆள் இல்லை.

ஒரு உதாரணம். வணிகவியல் மாணவி ஒருத்தி 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்ற பாடத்தைக் கண்டு மிரண்டு இரண்டு முறை தோற்றிருந்தாள். பள்ளியில் தமிழ்வழியில் அவள் 'திட்ட விலக்கம்' கணக்குகளைத் தப்பில்லாமல் போட்டவள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம். சொல்ல ஆளில்லாமல் போனது ஒரு வருடம். "இதத்தான் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். யாரைத் திட்டுகிறாள் என்று எங்களுக்கு விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கியிருக்காது.

2

மாணவரே மாணவருக்குச் சொல்லித்தருவது இப்போது அமெரிக்கப் பெயர்களில் இறக்குமதியாகிறது. இந்த விசயத்தில் ஏற்றுமதி செய்தது நாம்தான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பு 1789இல் அவரிடம் வந்தது. பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். தன் ஆசிரியர்களை அப்படிச் செய்யச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் நிலைத்தது. ஜோசப் லங்காஸ்டரும் லண்டனில் இதை ஒத்த முறையை நடத்தினார்.

இதில் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன் இரண்டு விசயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்தத் திண்ணை. அதில் உட்கார முடிந்தவர் யார், தெருவில் நின்றவர் யார், தெருவுக்குள்ளேயே வர முடியாதவர் யார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுத் திண்ணைப் பள்ளியைக் கொண்டாட முடியாது. அங்கிருந்த சட்டாம்பிள்ளையும் சொல்லிக்கொடுப்பவன் மட்டுமல்ல. வாத்தியார் இல்லாதபோது பிரம்பு அவன் கையில்.

இரண்டு, இங்கிலாந்துக்குப் போனபின் அந்த முறைக்கு நேர்ந்தது. ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவே மானிட்டர்கள். பெரிதும் மெச்சப்பட்டது அதன் மலிவு. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் படிப்பும் கட்டுப்பாடும். பரஸ்பரம் கற்பதாகத் தொடங்கியது பரஸ்பரம் கண்காணிப்பதாக முடிந்தது. ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில் சிறை, படைமுகாம், மருத்துவமனையோடு இந்தப் பள்ளிகளையும் சேர்த்துப் பேசுவது தற்செயல் அல்ல.

எனவே ஒருங்கிணைப்பு என்பது நடுநிலையான வேலை அல்ல. யாருக்கு என்ன தெரியாது என்ற பட்டியல் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் ஒரு பிரம்பும் இருக்கிறது. கல்லூரிகளில் இது எப்படி நடக்கிறதென்று பாருங்கள். தர மதிப்பீட்டு நிறுவனமான 'நாக்' 2017இல் திருத்திய கையேடு, மாணவரை 'மெதுவாகக் கற்போர்', 'முன்னேறிய கற்போர்' எனக் கண்டறிந்து தனி ஏற்பாடுகள் செய்யச் சொன்னது. ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தையும் கேட்டது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். நான் பார்த்த ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) அது ஒரு ரிஜிஸ்தராகியிருந்தது. குழு வருவதற்கு முந்தைய வாரம் மாணவர்கள் வரிசையில் நின்று பழைய தேதிகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். தான் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்பதை மட்டும் ஒவ்வொருவரும் அன்று தெரிந்துகொண்டார்கள்.

3

இவான் இலிச் 1971இல் 'பள்ளியற்ற சமூகம்' பற்றிய நூலில் மாற்று ஒன்றை முன்வைத்தார். நான்கு வலைகள்: கற்பதற்கான பொருள்கள் எங்கே உள்ளன என்ற தகவல், திறமை உள்ளவர்களின் பட்டியல், ஒரே விசயத்தைத் தேடும் இருவரைப் பொருத்துதல், கற்பிக்கத் தெரிந்தவர்களைப் பற்றிய குறிப்புகள். தேடுபவர் தன் பெயர், முகவரி, தேவை மூன்றையும் தருவார், அதே தேவை உள்ளவரின் பெயரும் முகவரியும் அவருக்குக் கிடைக்கும். எங்கள் நோட்டுக்கு மூலம் இதுதான்.

ஆனால் இலிச் நினைத்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. நம் ஊரில் முகவரி என்பது வெறும் முகவரி அல்ல. தெருப்பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். ஆரம்பத்தில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் சந்திப்பு. காலனியிலிருந்து வந்த இரண்டு பையன்கள் படிக்குக் கீழேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். யாரும் அவர்களை எதுவும் சொல்லவில்லை. 'மேல வாங்கப்பா' என்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் அவர்கள் வரவில்லை. போய்க் கேட்டபோது, "வேல இருந்துச்சுண்ணே" என்றார்கள். திண்ணைப் பள்ளியைப் பற்றி இவ்வளவு படித்திருந்தும் நாங்கள் போய் உட்கார்ந்தது ஒரு திண்ணையில்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பிறகு ரயிலடிக்கு மாறினோம். சீசன் டிக்கெட் வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்த பெஞ்சு பொது. மதுரைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் பெட்டிக்குள்ளேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

பக்கத்தில் திருவேடகம். வைகையில் விட்ட ஏடு எதிரேறி வந்து ஒதுங்கிய இடம் என்பது தலபுராணம். அந்த வாதத்தில் தோற்ற சமணர் கழுவேறியதையும் அதே கதை சொல்லும். பரீட்சைகள் நம் மரபில் என்றுமே சாதுவானவை அல்ல. அங்கே 1971இல் சுவாமி சித்பவானந்தர் நிறுவிய விவேகானந்தா கல்லூரி, குருகுல முறையில் தங்கிப் படிக்கும் கல்லூரி. அதன் கருத்தியலோடு எனக்குள்ள வேறுபாடு தனி விசயம். சேர்ந்து தங்கும் இடத்தில் யாருக்கு எது நன்றாக வரும் என்பது சாப்பாட்டு வரிசையிலேயே தெரிந்துவிடும். வகுப்பு முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை. நோட்டு ஈடுகட்டப் பார்ப்பது அந்தச் சாப்பாட்டு வரிசையைத்தான்.

இந்த இடத்தில் எஸ்.ஆர். ரங்கநாதனை நினைக்க வேண்டும். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. நூலை அலமாரியில் வைப்பதோடு வேலை முடியவில்லை, நூலையும் ஆளையும் சேர்த்துவைப்பதே நூலகரின் வேலை என்பது அவர் வாதம். இதில் பிரம்பு இல்லை என்பது முக்கியம். நூலகர் வாசகரைத் தரம் பிரிப்பதில்லை, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்.

4

இப்போது நோட்டு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வேறு ஊர்த் தோழர்களுக்கு உதவலாம்.

இடப்பக்கம் 'தெரியும்', வலப்பக்கம் 'வேணும்'. ஒரே பெயர் இரண்டு பக்கத்திலும் வந்தாக வேண்டும், இது கட்டாயம். கணக்கியலில் அரியர் வைத்தவனுக்குத் தட்டச்சு தெரியும், தமிழ்த்தாளில் செய்யுளை நன்றாக விளக்குவான், எந்தக் கடையில் பழைய கேள்வித்தாள் ஜெராக்ஸ் மலிவு என்றாவது தெரியும். எதுவும் தெரியாதவன் என்று ஒருவரை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. 'வேணும்' பக்கத்தில் பாடத்தின் பெயரை எழுதினால் போதாது. எந்தக் கணக்கு, எந்த அலகு, புத்தகமா ஆளா என்று எழுத வேண்டும். கேள்வியைச் சரியாக எழுதும்போதே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்தாயிற்று. பாடத்திட்டம், கேள்வித்தாள்கள், தமிழ்-ஆங்கிலக் கலைச்சொற்கள் அடங்கிய கோப்பு ஒன்று நோட்டோடு சேர்ந்தே சுற்றுகிறது. மதிப்பெண்ணை யாரும் எழுதுவதில்லை. நோட்டை வைத்திருப்பவர் செமஸ்டருக்கு ஒருமுறை மாற வேண்டும்.

கடைசி விதியை நாங்களே மீறினோம். நன்றாகச் செய்கிறான் என்று ஒரு தம்பியிடமே மூன்று செமஸ்டர் விட்டுவைத்தோம். யாரை யாரிடம் அனுப்புவது என்பதை அவனே முடிவு செய்யலானான். தனக்கு வேண்டியவர்களுக்கு நல்ல ஆள், மற்றவர்களுக்கு மிச்சம். கெட்ட பையன் அல்ல. இருநூறு வருடத்துக்கு முந்தைய சட்டாம்பிள்ளை எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டான், அவ்வளவுதான். நோட்டைத் திரும்ப வாங்கியபோது மனக்கசப்பு. அவன் இப்போது வருவதில்லை. அதில் எங்கள் தவறே அதிகம்.

தீராத இன்னொரு விசயம், பெண்கள். திண்ணையை விட்டு ரயிலடிக்கு வந்ததில் சாதி கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரயிலடியில் நிற்கும் பெண்ணை ஊர் விடுவதில்லை. 'திட்ட விலக்கம்' மாணவி இப்போது 'தெரியும்' பக்கத்தில் இருக்கிறாள். அவளிடம் கேட்க நான்கு பேர் காத்திருக்கிறார்கள். காலை ரயிலில் மட்டும்தான் அவளைப் பிடிக்க முடிகிறது, அதுவும் உட்கார இடம் கிடைத்தால். பெண்களுக்கென்று தனி நோட்டு போடலாம் என்கிறார் ஒரு தோழர். தனி நோட்டு மறுபடி தனித் திண்ணையாகிவிடும் என்கிறேன் நான். அவளிடம் கேட்டோம். "மொதல்ல ஒரு எடம் பாருங்கண்ணே, நோட்ட அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.