கரி எஞ்சின் சத்தம் வாங்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கொல்லைப்புறத்தில் ரயில் விடுவது பலருக்கு வாழ்நாள் பொழுதுபோக்கு. எங்கள் வீட்டிலும் ரோஜாப் பாத்தியைச் சுற்றி 45 மி.மீ. அகலத்தில் ஒரு பாதை ஓடுகிறது. மீட்டர் கேஜின் 1000 மி.மீ.யை மாதிரியின் அளவு விகிதமான 22.5ஆல் வகுத்தால் 44.4, கணக்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். 1968இல் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் எல்ஜிபி என்ற பொம்மை ரயில் பிராண்டு இந்த அகலத்தில் ரயில் விற்கத் தொடங்கியது. அவர்கள் மனதில் இருந்தது ஐரோப்பிய மலை ரயில்கள். விழுப்புரம் லோகோ ஷெட் பக்கம் வளர்ந்தவனுக்கு இந்தப் பாதையில் ஓட வேண்டியது மீட்டர் கேஜ் கரி எஞ்சினான ஒய்.பி.தான். அப்பா ஓட்டியது அதைத்தான்.

தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு ஓட்டலாம். ஆனால் இந்த ஊர் மழையில் பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போகும், இலை வந்து ஒட்டிக்கொள்ளும். ஓட்டுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம் அதிகம். ஆகவே எஞ்சினுக்குப் பின்னால் கரி சுமக்கும் வண்டியான டெண்டருக்குள் நான்கு லித்தியம் செல், மொத்தம் 14.8 வோல்ட், கையில் ரேடியோ ரிமோட். வண்டி ஜோராக ஓடும். மோட்டார் முனகலைத் தவிரச் சத்தம்தான் இருக்காது. அதற்குத்தான் சவுண்ட் கார்டும் ஸ்பீக்கரும்.

“எந்த சவுண்ட் கார்டு மாமா வாங்கறது?” என்று என் மருமகன் போனில் கேட்டான். புதிதாக இதில் இறங்குகிற எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி இது. முதலில் ஸ்பீக்கரைப் பார் என்றேன்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும்; அதே நொடியில் பின்பக்கக் காற்று தளரும். இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து கலந்தால், கனமான ஒலி ஒன்றையொன்று அடித்துப்போட்டுவிடும். மிஞ்சுவது கீச்சுக்குரல். ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்து ஒருமுறை கேளுங்கள். பிறகு அதே ஸ்பீக்கரை ஒரு காலி ஹார்லிக்ஸ் டப்பாவின் வாயில் இடைவெளி இல்லாமல் பொருத்திக் கேளுங்கள். இதுவா அது என்று தோன்றும். டெண்டர் என்பதே ஒரு பெட்டிதான். சந்து பொந்துகளை அடைத்து, ஸ்பீக்கரைத் தரையைப் பார்க்க வைத்தாலும் சரி, கரிக்குவியலுக்கு அடியில் வலை போட்டு மேலே பார்க்க வைத்தாலும் சரி. இடம் இருக்கிற அளவுக்குப் பெரிதாக வாங்குங்கள். என் டெண்டரில் இருப்பது 3 அங்குலம். காகிதக் கூம்பு இங்கே பனியில் ஊறிவிடும், பிளாஸ்டிக் கூம்பே மேல். கார்டில் 8 ஓம் என்று போட்டிருந்தால் 8 ஓம்தான். கையில் கிடக்கிறதே என்று 4 ஓமை மாட்டினால் மின்னோட்டம் இரட்டித்து கார்டு சூடேறிச் சாகும்.

அடுத்தது தாளம். ஒய்.பி.க்கு இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளுவதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் புகைபோக்கியில் நான்கு ‘குப்’. பெரிய சக்கரத்தின் விட்டம் 1372 மி.மீ. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு இரண்டரை ‘குப்’ வரும், எண்ணலாம். 50 கி.மீ.யில் நொடிக்கு ஏறக்குறைய 13. அங்கே எண்ணுகிற பேச்சே இல்லை, ஒரே இரைச்சல்.

இந்தத் தாளத்தை கார்டு இரண்டு வழியில் பிடிக்கும். மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைப் பார்த்து ஊகிப்பது ஒன்று. மாட்டுவது சுலபம். ஆனால் ஏற்றத்தில் வண்டி திணறி மெதுவாகும்போது வோல்டேஜ் மாறாது. சக்கரம் ஒரு பக்கம், ‘குப்குப்’ ஒரு பக்கம் என்று போகும். தவிர, இன்றைய வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புகின்றன. அதைப் புரிந்துகொள்ளாத கார்டு, வண்டி ஊர்ந்தாலும் எக்ஸ்பிரஸ் வேகத்தில் இரையும். இதை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது இரண்டாவது வழியை: அச்சில் காந்தம், பக்கத்தில் ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கடக்கும்போது ஒட்டும், போனதும் பிரியும். பெரிய சக்கர அச்சில் வைத்தால் நான்கு காந்தம். டெண்டர் அச்சில் வைத்தால் கம்பி வேலை குறைவு. ஆனால் அந்தச் சக்கரம் சிறியது, அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். விட்டம் பாதி என்றால் இரண்டு காந்தம் போதும்.

இப்போது கார்டுக்கு வருவோம். மைலோகோசவுண்ட் விலை குறைவு, மாட்டுவது ஒரு மத்தியான வேலை. சில அமெரிக்கக் கார்டுகளில் நிஜ எஞ்சின்களின் பதிவுகள். கம்ப்யூட்டரில் தேர்ந்து ஏற்றலாம். ஜெர்மானிய லோக்சவுண்ட் மோட்டாரையும் தானே ஓட்டுகிறது. சுமை ஏறுவதை மோட்டாரிலிருந்தே உணர்ந்து ஒலியை முரட்டுத்தனமாக்கும், சுமை குறைந்தால் அடக்கும். அதற்கேற்ற ரேடியோ வேண்டும், செலவும் கூடும்.

எனக்கு அந்த அடக்கம்தான் முக்கியம். அப்பா ஸ்டேஷனுக்கு வெகு முன்பே, நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடிவிடுவார். ‘குப்குப்’ சட்டென்று நின்றுபோகும். சக்கரங்களை இணைக்கும் கம்பிகளின் ‘டணக் டணக்’ மட்டும் பிளாட்பாரம்வரை கேட்கும். மலிவான கார்டுகள் வண்டி நிற்கிற கணம்வரை புகைபோக்கியை ஊதிக்கொண்டே வரும். வாங்குமுன் மாதிரி ஒலியில் கிளம்புகிற இடத்தைக் கேட்காதீர்கள், எல்லாக் கார்டும் கிளம்பும்போது நன்றாகத்தான் இருக்கும். நிற்கிற இடத்தைக் கேளுங்கள்.

ஊதலையும் பாருங்கள். பல கார்டுகளில் வருவது பல குரல் சேர்ந்த அமெரிக்க ஊதல், கூடவே ஒரு மணி. நம் எஞ்சினில் மணி ஏது? மாற்ற வழியுள்ள கார்டா என்று பார்த்து, மணியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். வால்யூம் திருகை, மேல்மூடியைக் கழற்றாமல் எட்டும்படி டெண்டருக்கு அடியில் வையுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்குகிற நேரம் அடிக்கடி மாறும்.