வியர்த்த புரவிக்கு ஒரு வாளித் தண்ணீர்

தமிழக முஸ்லிம்களுள் ஒரு பெரும் பிரிவினர் இராவுத்தர் என்று வழங்கப்படுகின்றனர். குதிரை வீரனைக் குறிக்கும் சொல் அது. பெயரில் புரவி நிலைத்து நிற்க, அதனைப் பேணும் கலையோ நம் இல்லங்களிலிருந்து என்றோ விடைபெற்றுவிட்டது. எனினும் உதகைக்கோ சென்னைக் கடற்கரைக்கோ செல்லும்போது நம் பிள்ளைகளைக் குதிரைமீது ஏற்றி மகிழ்கிறோம். இறங்கியதும் கூலியைக் கொடுத்துவிட்டு நடந்துவிடுகிறோம். சவாரி முடிந்தபின் அந்த வாயில்லாப் பிராணிக்கு என்ன தேவை என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

இந்த அறியாமைக்கு நம் மண்ணில் நெடிய வரலாறு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்களுக்காக அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாய்க் காயல் துறையில் வந்திறங்கின. பாரசீக வளைகுடாவிலுள்ள கைஸ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பப்பட்டன என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார்கள் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்தது. இத்தனை பொன் கொட்டி வாங்கிய குதிரைகள் எத்தனை நாள் வாழ்ந்தன? வறுத்த வாற்கோதுமையையும் நெய்யில் வேகவைத்த தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பாலைப் புகட்டி, நடக்கவிடாமல் முளையில் கட்டிவைத்தனர் என்கிறார் வஸ்ஸாஃப். ஆண்டு முடிவில் பெரும்பாலானவை மாண்டுபோயின என்றும், குதிரை வைத்தியம் அறிந்தவர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகிறார். வணிகர்களைப் பற்றிய அவருடைய கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பராமரிப்பு தெரியாமையால் குதிரைகள் மடிந்தன என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

ஓடிவந்த குதிரையின் உடலுக்குள் நிகழ்வதைச் சற்று அறிந்துகொள்வோம். தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே ஓட்டமாக மாறுகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற, மனிதனைப் போலவே குதிரைக்கும் வியர்வைதான் முதன்மையான வழி. கடும் வெயிலில் வேகமாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையை இழக்கக்கூடும். அதன் கழுத்திலும் தொடைகளுக்கிடையிலும் வெண்ணுரை பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். வியர்வையில் கலந்துள்ள ஒருவகைப் புரதமே அந்த நுரைக்குக் காரணம். அடர்ந்த உரோமத்தின் ஊடே நீர் பரவி ஆவியாவதற்கு இறைவன் வகுத்த ஏற்பாடு அது! ஆனால் நம் கடலோரங்களைப் போலக் காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுகிறது. உடல் குளிர்வதில்லை. வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்படும் சில குதிரைகளுக்கு வியர்க்கும் திறனே அற்றுப்போவதும் உண்டு.

இத்தகைய வேளையில் உயிர்காப்பது தண்ணீரே. ஆனால், "சூடான குதிரைமேல் குளிர்ந்த நீரை ஊற்றாதே, தசை பிடித்துக்கொள்ளும்; குடிக்கவும் கொடுக்காதே, வயிற்றுவலி வரும்" என்னும் எச்சரிக்கை உலகெங்கும் லாயங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி கோடை வெப்பத்தில் நடைபெறவிருந்ததால், அதற்கு முந்திய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். குளிர்ந்த நீரால் தசைப்பிடிப்பு நேரவில்லை. உடல் வெப்பமே விரைந்து தணிந்தது. அப்போட்டியில் பனிக்கட்டி மிதந்த நீரே குதிரைகள்மீது ஊற்றப்பட்டது. அதன் பின்னரும் பழைய அச்சத்தை விடாதவர் பலர் உளர். வெப்பத்தால் தள்ளாடும் குதிரைக்கு நீரை மறுப்பது, பராமரிப்பு என்னும் பெயரால் செய்யும் கொடுமை என்றே சொல்வேன்.

ஆகவே இறங்கியவுடன் செய்ய வேண்டியது இது. வயிற்றுப் பட்டையைத் தளர்த்திச் சேணத்தை இறக்கிவிட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்ல நடத்துங்கள். மூச்சு வாங்கும் குதிரையாயின் கழுத்து, மார்பு, விலா, தொடை என உடல் முழுவதும் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிடுவது நன்மை போலத் தோன்றும்; உண்மையில் அது வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். ஓய்ந்திருக்கும் குதிரையின் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இவ்வளவுக்கு அது திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். குடிக்கவும் உடனே நீர் வையுங்கள்; ஓட்டம் முடிந்த முதற்சில நிமிடங்களில்தான் அதற்குத் தாகம் மிகுதி. கொள்ளும் தானியமும் மட்டும் உடல் தணிந்து ஒரு மணி நேரம் கழியட்டும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. வயிற்றில் சிக்கல் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வியர்வையோடு உப்பும் வெளியேறிவிடுவதால், தீவனத்தோடு சிறிது உப்புச் சேர்ப்பதும் அவசியம்.

முகத்தில் மட்டும் நீரைப் பீய்ச்சியடிக்கலாகாது. கண்ணோரத்தையும் நெற்றியையும் ஈரத்துணியால் இதமாகத் துடைத்துவிடுங்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையாலேயே தமது குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததையும், குதிரை விஷயத்தில் தமக்கு இரவில் அறிவுறுத்தப்பட்டதாகக் கூறியதையும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்துள்ளது. வாலையும் பிடரியையும் கத்தரிக்கலாகாது என்னும் அறிவுரை அபூதாவூதில் இடம்பெறுகிறது. வால் அதற்கு ஈ ஓட்டும் விசிறி, பிடரி அதற்குப் போர்வை என்பது அங்கே கூறப்படும் காரணம். ஈ மொய்க்கும் நம் ஊர் லாயங்களில் இதன் அருமை நன்கு புலப்படும்.

குதிரையின் வியர்வை பட்ட ஆடையோடு தொழலாமா என்று சிலர் ஐயுறுவதுண்டு. வியர்வை தூய்மையானதே என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. மதீனாவில் ஓரிரவு அச்சக்குரல் எழுந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணமின்றியே ஏறிச் சென்றதை அனைவரும் அறிவோம்.

வியர்வை காய்ந்து உப்பாகப் படிந்தால் தோல் அரிக்கும், கடல்நீரும் அவ்வாறே. கடற்கரைக் குதிரையாயின் நல்ல நீரால் அலசுவது கட்டாயம். சவர்க்காரத்தை எப்போதாவது பயன்படுத்தினால் போதும், இன்றேல் தோலின் இயற்கை எண்ணெய் போய்விடும். பின்னர் சேணம் அழுத்திய முதுகையும், பட்டை உரசிய வயிற்றையும் கையால் தடவிப் பாருங்கள். வீக்கமோ புண்ணோ தென்பட்டால் அது ஆறும்வரை சேணம் ஏற்றுதல் கூடாது. நான்கு குளம்புகளையும் தூக்கி, இடுக்கில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் நீக்குங்கள். ஈரச் சாணம் தங்கினால் குளம்பு அழுகித் துர்நாற்றம் வீசும்.

இவ்வளவும் செய்து பளபளக்க நிறுத்திய குதிரை, கயிற்றை அவிழ்த்த மறுகணமே மணலில் விழுந்து புரளும். சினங்கொள்ளாதீர்கள், அது தனக்குத் தானே உடம்பு தேய்த்துக்கொள்கிறது. மணல் உலர்ந்தபின் ஒரு தூரிகையால் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும்.