செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கருவி விளக்கம்: எழுத்தெண்ணியை முன்வைத்து

ஏஜெண்ட் எனப்படும் முகவர்நிரல் ஒரு மென்பொருட் கருவியை இயக்குமுன் பெரும்பாலும் அதன் மூலநிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், உள்ளீட்டு வரையறை ஆகியவற்றைக் கொண்டே முடிவெடுக்கிறது. 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறையும் இவற்றையே முன்னிறுத்துகிறது.

'சொல்லின் நீளத்தைத் தரும்' என ஒரு கருவிக்கு விளக்கம் எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். 'மொழி' என்பதில் இலக்கணப்படி எழுத்து 2. ஒருங்குறிக் குறியெண்கள் 4. யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் 12. ஒகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்து உள்ளிட்டிருப்பின் குறியெண்கள் 5. திரையில் வேறுபாடு தெரியாது. விடை 4 எனக் கண்டதும் தமிழறிந்தவர் ஐயுறுவார். முகவர்நிரலோ அதனையே எழுத்தெண்ணிக்கையாகக் கொண்டு மேற்செல்லக்கூடும். பிழைச்செய்தி எதுவும் எழாது. நேரசையில் தொடங்கும் கட்டளைக் கலித்துறை அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையாயின் 17. இக்கருவியை நம்பிச் சோதித்தால் பிழையற்ற செய்யுளும் யாப்புக் குற்றமுடையதாகப் பதிவாகும்.

ஆதலின் விளக்கம் இவ்வாறு அமைதல் தகும்: 'யாப்புக்குரிய எழுத்துகளை எண்ணும், ஒற்றுகளை எண்ணாது, பிரித்தெழுதிய குறிகளை முதலில் ஒன்றிணைக்கும், பிறமொழி எழுத்து வரின் எண்ணாது பிழை உணர்த்தும், பைட் அளவறியப் பயன்படாது.' நம் மாணவர்க்குக்கூட நாம் இத்துணைத் தெளிவாக எழுதித் தந்ததில்லை. இதனுடன் 'மொழி' எனின் 2, 'தமிழ்' எனினும் 2 என்னும் எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தல் வேண்டும்.