குடும்ப வன்முறை: வளரிளம் பருவத்தினரின் உடலிலும் மனத்திலும் தோன்றும் விளைவுகள்

தலைவலி, வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு எனக் கூறி 14, 15 வயதுப் பிள்ளைகளைத் தாய்மார்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வருகின்றனர். பரிசோதனைகளில் பெரும்பாலும் குறை எதுவும் தென்படுவதில்லை. வலி எப்போது வருகிறது என வினவினால், சனிக்கிழமை இரவு என்ற விடை கிடைப்பதுண்டு. திருப்பூர்ப் பனியன் தொழிலில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. தந்தை மது அருந்தி வந்து தாயை அடிக்கும் வீட்டில், பிள்ளையின் உடல் அந்த இரவை முன்னதாகவே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இவ்வலி நடிப்பன்று.

மது அருந்தாதவர் வீட்டிலும் வன்முறை உண்டு. இழிசொல், மிரட்டல், மனைவியின் சம்பளத்தைப் பறித்துக்கொள்ளுதல் ஆகியவையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி வன்முறையே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். தம் வீட்டில் மட்டுமே இவ்வாறு நடப்பதாக எண்ணிக் கூசும் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஆபத்தை உணரும்போது அட்ரினலின், கார்டிசோல் ஆகிய சுரப்புகள் உடலைத் தற்காப்புக்கு ஆயத்தமாக்குகின்றன. அச்சம் நாள்தோறும் நீடித்தால் அந்த ஆயத்த நிலை அடங்குவதில்லை. உறக்கம் கலைகிறது, கதவு தட்டும் ஓசைக்கே உடல் பதறுகிறது, பாடத்தில் கவனம் நிற்பதில்லை. ஓரறை லைன் வீட்டில் “பிள்ளை தூங்கிவிட்டது” என்பது பெரும்பாலும் பெரியவர்களின் நம்பிக்கை மட்டுமே. சிலர் எரிந்து விழுவர். சிலர் பேச்சைக் குறைத்துத் தம்பி தங்கையரின் பொறுப்பை முழுவதும் ஏற்பர். பின்னவரைப் ‘பொறுப்பான பிள்ளை’ எனப் பாராட்டிக் கடந்துவிடுகிறோம். அவர்களையே கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்பகுதியில் மற்றொன்றும் நிகழ்கிறது. தான் சம்பாதித்தால் தாயைத் தனியே அழைத்துச் சென்றுவிடலாம் என எண்ணிப் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கம்பெனி வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ளனர். தாயைக் காக்கும் பொறுப்பு பிள்ளையுடையதன்று. கணவரின் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைச் சட்டமே மனைவிக்கு அளிக்கிறது. வீடு யார் பெயரில் இருப்பினும் அவ்வுரிமை உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் வழியாகக் குற்றவியல் நடுவரிடம் பாதுகாப்பு ஆணை கோரலாம். பிள்ளைகளுக்காகவும் தாய் மனுச் செய்யலாம்.

பிள்ளைகளுக்கு ஒன்று: அடி விழும்போது இடையில் புகாதீர்கள். தம்பி தங்கையரை அழைத்துக்கொண்டு, முன்பே பேசி வைத்த அண்டை வீட்டுக்குச் சென்று அங்கிருந்து உதவிக்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மகளிர் உதவி எண் 181, அவசர உதவிக்கு 112. மூன்றும் இரவிலும் இயங்கும். அடிப்பவர் கைப்பேசியைப் பார்க்கும் வழக்கம் இருந்தால், அழைப்புப் பதிவை அழித்துவிடுங்கள்.

மருத்துவர் பிள்ளையுடன் சற்று நேரம் தனியே பேச விரும்பினால் தாய்மார்கள் தவறாக எண்ண வேண்டாம். தாய் வருந்துவாரே என்று, அவர் எதிரில் பிள்ளை பலவற்றையும் மறைக்கும். பேசப்படுவது காக்கப்படும், உயிருக்கு ஆபத்து, பாலியல் துன்புறுத்தல் ஆகியவை இருந்தால் மட்டும் உரியவரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கும். அதையும் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுவோம். முதன்மைச் சிகிச்சை உளவியல் ஆலோசனையே. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் மருந்து அளிப்பார். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சாக வேண்டும் எனப் பிள்ளை கூறினாலோ, கையைக் கீறிக்கொண்டிருந்தாலோ, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதுவரை தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் நச்சுப் பொருள்களையும் எட்டாதவாறு அகற்றுங்கள். டெலி மானஸ் எண்ணான 14416இல் எந்நேரமும் ஆலோசகருடன் கட்டணமின்றிப் பேசலாம். தமிழுடன் இந்தி, ஒடியா முதலிய மொழிகளிலும் இச்சேவை கிடைப்பதால், வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இந்த எண்ணைத் தெரிவியுங்கள்.