எழ முடியாத யானையும் எழுதப்பட வேண்டிய ஆணையும்

பிழைக்க வழியில்லாமல் வலியில் துடிக்கும் விலங்கை, மருந்தின் உதவியால் மேலும் வலியில்லாமல் சாகச் செய்வதைக் கருணைக்கொலை என்பர். அந்தச் சொல்லில் கருணை என்ற பாதியை அறம் பேச, கொலை என்ற பாதியைச் சட்டம் பார்க்கிறது. தொழுவத்து மாட்டுக்கும் தெரு நாய்க்கும் இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பொருந்த, காட்டு உயிர்களின் மேல் அதனோடு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து நிற்கிறது. கோயில் வாசலில் நின்று ஆசி வழங்கும் யானை, மனிதரோடு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், இந்த இரண்டாம் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற காட்டு விலங்காகவே கருதப்படுகிறது. இவ்விரண்டு சட்டங்களும் சேருமிடத்தில் எழும் கேள்வியை நாடே கவனிக்கும்படி எழுப்பியது சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரியின் வழக்கு.

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 42 வயதான ராஜேஸ்வரி, கால் பாதிப்பால் எழுந்து நிற்க முடியாமல் தரையில் சாய்ந்துவிட்டது. விழுந்த மாட்டைப் புரட்டிப் போட்டுப் படுக்கவைத்துப் பல நாள் பேணலாம். யானைக்கு அது இயலாது. மற்றப் பாலூட்டிகளைப் போலன்றி யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியே அமைந்திருப்பதால், ஒருக்களித்துக் கிடக்கும்போது மூச்சுக்காக அது மிகவும் பாடுபட வேண்டியிருக்கிறது. டன் கணக்கான சொந்த எடையே கீழ்ப்பக்கத் தசைகளை நசுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்க, தோல் வெடித்துப் புண்ணாகி, புண் ஆழமாகி, ஈயும் புழுவும் ஏறுகின்றன. ராஜேஸ்வரிக்கும் படுக்கைப் புண்கள் வந்தன. அதன் நிலையைக் கண்ட விலங்குநல ஆர்வலர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அப்போதைய தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜியும் நீதிபதி அப்துல் குத்தூஸும் அடங்கிய அமர்வு, அரசுக் கால்நடை மருத்துவர் யானையைப் பரிசோதித்து, அதை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று ஏப்ரல் மாதத்தில் உத்தரவிட்டது. ஆனால் அந்த உத்தரவு நடைமுறைக்கு வருமுன்பே, ஏப்ரல் 21ஆம் நாள் ராஜேஸ்வரி தானாகவே இறந்துபோனது. நோயுற்ற மனிதர் உயிர்காப்புக் கருவிகளை மறுத்துக் கண்ணியமாக இறக்கும் உரிமையை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதே ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஏற்றிருந்தது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

உயர் நீதிமன்றம் கேட்ட சான்றுக்கு அடிப்படை விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. காயத்தாலோ நோயாலோ அப்புறப்படுத்துவதே கொடுமையாகிவிடும் நிலையில் ஒரு விலங்கு கிடப்பதை, காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அதிகாரியோ அரசு அதிகாரம் அளித்த ஒருவரோ கண்டால், உரிமையாளர் அங்கே இல்லாதபோதும் இசைய மறுக்கும்போதும், அப்பகுதிக் கால்நடை மருத்துவரை வரவழைத்து, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்ற சான்றைப் பெற்று, பின்னர் நீதித்துறை நடுவரின் ஆணையோடு அதன் உயிரை முடிக்கலாம். மருத்துவர் ஒருவர், நடுவர் ஒருவர் என இரண்டு பேருடைய பொறுப்பு இதில் சேர்கிறது. இருவரும் பெரும்பாலும் அதே வட்டத்தில் இருப்பவர்கள்.

வன உயிரினச் சட்டத்தின் வழி அத்தனை குறுகியதன்று. அச்சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குள் போவது மட்டுமன்று. கொல்லுதல், பிடித்தல், காயப்படுத்துதல், விரட்டுதல் யாவும் வேட்டையே. சாகும் மானின் வலியைப் பொறுக்கமாட்டாமல் அதன் கழுத்தை அறுப்பவரும் சட்டத்தின் கண்ணில் வேட்டையாடியவரே. மீளமுடியாதபடி ஊனமுற்ற அல்லது நோயுற்ற விலங்கைக் கொல்ல 11ஆம் பிரிவு வாய்ப்பளிக்கிறது. ஆயினும் முதல் அட்டவணை விலங்காயின் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் தாமே, காரணங்களைக் குறிப்பிட்டு, எழுத்தில் ஆணையிட வேண்டும். தம் அதிகாரங்களை அவர் கீழ்நிலை அலுவலர்களுக்குப் பகிர்ந்தளிக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த ஓர் அதிகாரத்தை மட்டும் பகிரக்கூடாது என்று அதே பிரிவு விலக்கிவைக்கிறது. பின்னாளில் சேர்க்கப்பட்ட நிபந்தனை ஒன்று, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அவர் உறுதிசெய்துகொண்ட பிறகே கொல்லும் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது. ஊருக்குள் புகுந்த புலியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகத் தோன்றும் இந்த வாசகம், முதுகெலும்பு முறிந்து அசையாமல் கிடக்கும் விலங்குக்கு எப்படிப் பொருந்தும்? கிடக்கும் விலங்கை யாரும் பிடிக்கலாம். சொல்லுக்குச் சொல் படித்தால், கருணை மிகவும் தேவைப்படும் விலங்குக்கே கருணை மறுக்கப்படுகிறது. இது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது. அதன் வாசகத்தில் நேர்ந்த பிழை என்றே கொள்ள வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் பிழைக்கு யானையைவிட மயிலே அன்றாடச் சான்று. கடலைக் கொல்லையிலும் சோளக்காட்டிலும் மேயும் மயில், நாட்டின் தேசியப் பறவையாகையால், முதல் அட்டவணையில் இருக்கிறது. மின்கம்பியில் மோதி இரு சிறகும் கருகிக் கிடக்கும் மயிலின் வலியை முடிக்கவும் யானைக்கு வேண்டிய அதே ஆணை சென்னையிலிருந்து வர வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் திரியும் காட்டுமாட்டுக்கும் அதுவே விதி. புள்ளிமானோ, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், அதிகாரம் பெற்ற வன அலுவலரே அதற்கு ஆணையிடலாம். சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து தண்ணீர் தேடி இறங்கி, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தும், நாய்களிடம் சிக்கியும், நான்குவழிச் சாலையில் லாரி மோதியும் அடிபடுவது பெரும்பாலும் மான்களே என்பதால், இந்த ஏற்பாடு ஓரளவு ஆறுதல் தருகிறது.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. அடிபட்டுக் கிடந்தது, பாவம் பார்த்து அறுத்தேன் என்ற வாய்மொழியை ஏற்றுக்கொண்டால், சுருக்குக் கம்பி வைத்து மான்கறி விற்பவருக்கு அதைவிட வசதியான வாதம் வேறு கிடைக்காது. அடிபட்ட விலங்கின் இறைச்சிக்கு விலை உள்ள இடத்தில், கருணை எது, களவு எது என்று பிறகு பிரித்தறிவது கடினம். முதல் அட்டவணை உயிரை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, மிகுந்தால் 7 ஆண்டு சிறை என்று சட்டம் விதிக்கிறது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வேறு வழி கண்டது: தன் குற்றத்தால் அல்லாமல் வேறு வகையில் படுகாயமுற்று, பிழைக்க நியாயமான வாய்ப்பு இல்லாத காட்டு உயிரைக் கொன்றவர், அதை மெய்ப்பித்தால் குற்றவாளி ஆகார். மெய்ப்பிக்கும் சுமை கொன்றவர் மேலேயே இருக்கிறது. இந்தியச் சட்டம், ஒருவர் தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொல்வதை மன்னிக்கிறது. விலங்கின் வலியைப் போக்கக் கொல்வதற்கு அப்படியொரு விலக்கை அது எழுதவில்லை.

அறத்தின் பக்கத்தில் இந்தக் கேள்வி நாட்டுக்குப் புதிதன்று. 1928ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் தீரா நோயால் துடித்த கன்றுக்குட்டி ஒன்றுக்கு மருத்துவரைக் கொண்டு ஊசி போடச் செய்த காந்தி, அது அகிம்சையே என்று வாதாடி, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். கொல்லாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்த திருக்குறளை மேற்கோள் காட்டி, எந்த நிலையிலும் உயிர் பறிக்கலாகாது என்பாரும் தமிழ்நாட்டில் உண்டு. அவர்களுடைய அச்சம் மதிக்கத் தக்கது. வலி யாருடையது, முடிவு யாருடையது என்ற கேள்விக்கு விலங்கு வாய் திறந்து விடை சொல்ல முடியாது. பார்க்கச் சகிக்காத மனிதர் தம் மனவேதனையைத் தீர்க்கவே அதன் உயிரை முடிக்கும் இடரும் இருக்கிறது. ஆயினும் இயற்கை தன் வழியே முடிக்கட்டும், மனிதர் தலையிட வேண்டாம் என்ற வாதம் சாலையோர மானுக்குப் பொருந்தாது. சாலை இயற்கை போட்டதன்று. திருட்டு மின்வேலியும், பழத்துக்குள் வெடிமருந்தை மறைத்துக் காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் இயற்கை வைத்தவையல்ல. 2021ஆம் ஆண்டு சனவரியில் மசினகுடியில் தீப்பற்றிய பொருளை எறிந்து காது கருக்கப்பட்ட ஆண் யானை, சிகிச்சைக்காகத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தது. காயத்தை மனிதர் உண்டாக்கிவிட்டு, முடிவை மட்டும் இயற்கையிடம் ஒப்படைப்பது அறமாகாது.

முடிவெடுக்கும் தகுதி மருத்துவருக்கே இருக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. லாரி மோதிய மான் அதிர்ச்சியில் செத்ததுபோல் கிடந்து, சற்று நேரத்தில் எழுந்து ஓடிவிடக்கூடும். மூன்று காலில் பிழைத்துக்கொள்ளும் மானும் உண்டு. மருத்துவர் பின்னங்கால் குளம்புகளின் பிளவில் இடுக்கியால் அழுத்திப் பார்க்கிறார். கால் தானே சுருங்குவது மட்டும் போதாது, மான் தலையைத் திருப்பவோ கதறவோ வேண்டும். அந்த உணர்வே அற்றுப்போயிருந்தால் முதுகுத்தண்டு அறுந்துவிட்டதென்று கொள்ள வலுவான காரணம் கிடைக்கிறது. முதலில் ஆழ்ந்த மயக்கம் தந்து, நினைவு முழுவதும் போனதை இமை தொட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே இதயத்தை நிறுத்தும் மருந்தைச் செலுத்த வேண்டும். மயக்கம் இல்லாமல் பொட்டாசியம் குளோரைடைச் செலுத்துவது கருணைக்கொலையன்று, வதை. மருந்தேறிய உடலை வெளியே விட்டால் அதைத் தின்னும் கழுகும் நரியும் மடியும் என்பதால் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்த கைகளுக்கு இந்தப் பகுதியில் குறைவில்லை. நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தலைவாசலிலும் ஒரு கல்லூரி வந்திருக்கிறது. சேலத்தை ஒட்டிய குரும்பப்பட்டியில் வன உயிரியல் பூங்கா இருக்கிறது. குறைவது, மாவட்டத்திலேயே எழுத்தில் ஆணையிடும் அதிகாரம். 5ஆம் பிரிவின் விலக்கை நாடாளுமன்றம் தளர்த்தி, இரண்டு மருத்துவர்களின் சான்றும் பதிவான படமும் இருந்தால் மாவட்ட வன அலுவலரே ஆணையிடலாம் என்று செய்யலாம். உடலை அரசு முன்னிலையிலேயே அழிக்க வேண்டும் என்பது கட்டாயமானால் கள்ளக்கறிக்கு அதில் இடமிராது. அதுவரைக்கும், தலைமைக் காப்பாளர் அலுவலகம் இரவிலும் மின்னஞ்சலில் எழுத்து ஆணை வழங்கும் ஏற்பாட்டைச் செய்வதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை.

வனச்சரகரும் மருத்துவரும் வந்துசேரும் வரை சாலையோரத்தில் நிற்பவர் செய்யக்கூடியது சிறிது. அதுவும் பெரும்பாலும் தவறாகவே செய்யப்படுகிறது. இரக்கத்தோடு வாயில் ஊற்றும் தண்ணீர், விழுங்கும் வலிமையற்ற மானின் நுரையீரலுக்குள் போய்விடுகிறது. சூழ்ந்து நிற்கும் கூட்டமும் கைபேசி வெளிச்சமும் தரும் பீதியில் அதன் தசைகள் சூடேறிச் சிதைந்து, காயத்தால் சாகாத மானும் அச்சத்தால் சாகிறது. கூட்டத்தை விலக்கி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, மூக்கை மூடாமல் அதன் கண்களின் மேல் போட்டால், வெளிச்சம் மறைந்த உடனே விறைத்து நின்ற கழுத்து மெல்லத் தளர்ந்து தரையில் சாய்கிறது.