கறவை மாடுகளில் உலோக நஞ்சு சேராமல் தடுக்கும் முறைகள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்துள்ளதை உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம், பழைய பேட்டரி, பெயின்ட் இவற்றிலுள்ள காரீயம், மற்றும் காட்மியம் ஆகியவை நீர், தீவனம் வழியாக மாட்டின் உடலில் சேரக்கூடும். கணியம்பாடி வட்டாரத்தில் பசும்புல்லை விலைக்கு வாங்குவோர், அது எந்த நீரில் விளைந்தது என்று விசாரித்து வாங்குவது நலம்.

தாது உப்பு கொடுத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். இரும்பு, துத்தநாகச் சத்துகள் குறைந்தால் காட்மியம் அதிகமாக ஏறும். இச்சத்துகள் போதிய அளவு இருந்தால் நஞ்சு உடலில் ஏறுவது குறையும். ஆனால் ஏற்கெனவே எலும்பில் படிந்த காரீயத்தையோ, ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிய காட்மியத்தையோ தாது உப்பு வெளியேற்றாது.

100 கிலோ அடர் தீவனத்திற்கு 2 கிலோ வீதம், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தாது உப்புக் கலவையைச் சேர்க்கலாம். உரத்திற்கான பாஸ்பேட்டைத் தீவனத்தில் கலக்கக் கூடாது. அதில் புளோரினும் காட்மியமும் இருக்கக்கூடும். பென்டோனைட் களிமண், கரித்தூள் போன்றவை உலோகத்தோடு சத்துகளையும் பிடித்துக்கொள்ளும். எனவே கால்நடை மருத்துவர் சொல்லாமல் இவற்றைக் கொடுக்கக் கூடாது.

நஞ்சு உள்ளே போகாமல் தடுப்பதே முதல் வேலை. மண்ணிலுள்ள குரோமியம் பெரும்பாலும் பயிரின் வேரிலேயே தங்கிவிடும். இலைக்கு ஏறுவது சொற்பம். ஆனால் புல்லில் ஒட்டிய மண்ணோடு அது மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். ஆகவே,

1. புல்லை வேரோடு பிடுங்காமல், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்து, நல்ல நீரில் அலசிப் போட வேண்டும்.

2. கழிவுநீர் ஓடைக் கரையில் மாடுகளை மேய்க்கவோ, அந்நீரைக் குடிக்க விடவோ கூடாது.

3. பழைய பேட்டரி, பெயின்ட் டப்பாக்களைத் தொழுவத்தருகே போடக் கூடாது. மாடு கண் தெரியாமல் முட்டினாலும், பல்லைக் கடித்தாலும், வலிப்பு வந்தாலும் காரீய நஞ்சாக இருக்கலாம். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

4. கிணற்று நீரின் உப்புத்தன்மையை மட்டும் பரிசோதித்தால் உலோகம் தெரியாது. குரோமியத்திற்கும் காரீயத்திற்கும் தனிப் பரிசோதனை தேவை.

இது குறித்து அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.