பயமுறுத்தும் இரண்டு நிமிடம்!

டி.வி.யில் ஜாலியாக கார்ட்டூன் பார்த்துக் கொண்டிருக்கிறீர்கள். விளம்பர இடைவேளை வருகிறது. திடீரென்று திரை இருட்டாகிறது. யாருமே இல்லாத ஒரு வீடு. மூலையில் ஒரு கதவு. 'க்ர்ர்ரீச்...' என்று அது மெல்லத் திறக்கிறது. அவ்வளவுதான்! உங்கள் கை தானாகவே கண்ணை மூடிக் கொள்கிறது. அன்று ராத்திரி தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், குட்டி நண்பர்களே! நீங்கள் பார்த்தது என்ன? ஒரு கதவு திறந்தது. நம் வீட்டுக் கதவு தினமும் எத்தனையோ முறை திறக்கிறது; அதைப் பார்த்து யாராவது பயப்படுகிறோமா? அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

பயம் கதவில் இல்லை. அதைக் காட்டிய விதத்தில் இருக்கிறது. அந்த வித்தையைத்தான் இந்த வாரம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

வால் தலைக்கு வந்த கதை

'டிரெய்லர்' என்றால் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். டிராக்டருக்குப் பின்னால் வருவதையும் அப்படித்தானே சொல்கிறோம்? சினிமா டிரெய்லருக்கும் அதே காரணம்தான். 1910-களில் அமெரிக்காவில், ஒரு படம் முடிந்த பிறகுதான் அடுத்து வரப்போகும் படத்தின் துண்டுகளைக் காட்டினார்கள். படம் முடிந்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்களே! அதனால் பிறகு அதைப் படத்துக்கு முன்னால் கொண்டு வந்தார்கள். பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. தமிழில் நாம் 'முன்னோட்டம்' என்கிறோம். அதுதான் சரியான பெயர்!

நம் ஊரிலும் டிரெய்லருக்கு ஓர் அண்ணன் உண்டு. அதுதான் பாட்டுப் புத்தகம். உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் சில பைசாவுக்கு விற்கும். பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதாநாயகிக்கு ஆபத்து வரும் இடத்தில் கதை டக்கென்று நின்றுவிடும். கீழே 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். இன்றைய டிரெய்லர்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

ஒரு ஊர், ஆறு காட்சி

வாருங்கள், நாமே ஒரு டிரெய்லர் தயாரிக்கலாம். அரியலூர் மாவட்டத்தில் உள்ள விக்கிரமங்கலத்துக்கு, பொழுது சாயும் நேரத்தில் கேமராவோடு போகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆறு காட்சிகள் எடுக்கிறோம்.

1. டியூஷன் முடிந்து, பையை மாட்டிக் கொண்டு தெருவில் நடந்து வருகிறான் ஒரு சிறுவன்.
2. காற்றில் பனை ஓலைகள் ஆடுகின்றன.
3. தெரு நாய் ஒன்று தலையைத் திருப்பிப் பார்க்கிறது.
4. ஒரு பழைய வீட்டின் கதவு பாதி திறந்திருக்கிறது.
5. அந்த வீட்டு வாசலில் கையில் டார்ச் லைட்டோடு பாட்டி நிற்கிறார்.
6. சிறுவன் வாயெல்லாம் பல்லாக, பாட்டி கொடுத்த பணியாரத்தைச் சாப்பிடுகிறான்.

இதே வரிசையில் போட்டால் என்ன கதை? பேரனுக்காகக் காத்திருக்கும் பாசமான பாட்டி. சரிதானே? இப்போது இதையே பயங்கரமான டிரெய்லராக மாற்றலாம். புதிதாக ஒரு காட்சியும் எடுக்க வேண்டாம்!

தந்திரம் 1: கத்தரிக்கோல்

முதல் வேலையாக, பணியாரக் காட்சியைத் தூக்கிவிடுவோம். பிறகு வரிசையை மாற்றுவோம். ஆடும் பனை ஓலை... நடந்து வரும் சிறுவன்... திரும்பிப் பார்க்கும் நாய்... மறுபடியும் சிறுவன்... பாதி திறந்த கதவு... டார்ச் வெளிச்சத்தில் ஓர் உருவம்... திரை இருட்டு!

நாய் எதையோ பார்த்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது அல்லவா? உண்மையில் அது ஈயைப் பார்த்திருக்கலாம். இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துக் காட்டினால், நடுவில் உள்ள கதையை நம் மூளையே எழுதிக் கொள்ளும்.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தவர், ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு முறை சூப் கிண்ணத்தையும், ஒரு முறை சவப்பெட்டியையும் ஒட்டிக் காட்டினார். 'ஆஹா, பசியை எப்படிக் காட்டுகிறார்!', 'சோகத்தை எப்படிக் காட்டுகிறார்!' என்று பார்த்தவர்கள் நடிகரைப் பாராட்டினார்களாம். முகம் என்னவோ ஒரே முகம்தான்!

2006-ல் ஒருவர் இதை வைத்து வேடிக்கை செய்தார். 'மேரி பாப்பின்ஸ்' என்பது 1964-ல் வந்த, குழந்தைகளுக்கான ஆட்டம் பாட்டம் நிறைந்த படம். அதன் காட்சிகளையே வெட்டி ஒட்டி, இசையை மாற்றி, அதைப் பேய்ப் படம் போல ஒரு டிரெய்லராக்கி இணையத்தில் விட்டார். பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

தந்திரம் 2: சத்தமும் நிசப்தமும்

நம் டிரெய்லரில் மாட்டு மணி, பேச்சுக் குரல் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். பதிலுக்கு, 'ம்ம்ம்...' என்று அடிவயிற்றில் உறுமுவது போன்ற மெல்லிய ஒலி. சிறுவனின் செருப்புச் சத்தம் மட்டும் பெரிதாக. கதவு வந்ததும் எல்லாச் சத்தமும் நின்றுவிட வேண்டும். ஒரு நொடி... இரண்டு நொடி... 'டமால்!'

அந்த 'டமால்' உங்களைத் தூக்கிப் போடுவதற்குக் காரணமே அதற்கு முந்தைய நிசப்தம்தான். காதைத் தீட்டிக் கொண்டு கேட்டுக் கொண்டிருக்கும்போது சத்தம் வந்தால், அது இரண்டு மடங்காகத் தெரியும்.

அலறல் சத்தத்துக்கு இன்னொரு ரகசியம் உண்டு. ஆபத்தில் மாட்டிய விலங்குக் குட்டிகள், குரல் உடைந்து கரகரவென்று கத்தும். அமெரிக்க விஞ்ஞானி டேனியல் புளூம்ஸ்டைன் மர்மட் என்ற மலை அணில்களிடம் இதைக் கவனித்தார். பிறகு அவருடைய குழு 100-க்கும் மேற்பட்ட படங்களின் ஒலியை ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டது. பயங்கரப் படங்களில் அதே போன்ற கரகரப்பான அலறல்கள் அதிகம் இருந்தன! 'குட்டிக்கு ஆபத்து' என்று நம் மூளை பதறுவதை, சினிமாக்காரர்கள் அனுபவத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

தந்திரம் 3: விளக்கும் கேமராவும்

கரண்ட் போனபோது டார்ச் லைட்டை தாடைக்குக் கீழே பிடித்து தம்பியைப் பயமுறுத்தியிருக்கிறீர்களா? சூரியனும் விளக்கும் மேலிருந்துதான் வெளிச்சம் தரும். கீழேயிருந்து வெளிச்சம் அடித்தால், தெரிந்த முகமே தெரியாத முகமாகிவிடும். நம் பாட்டிக்கும் அதே கதிதான்!

கேமராவைச் சிறுவனுக்குப் பின்னால், தள்ளித் தள்ளிக் கொண்டு வந்தால் போதும், யாரோ பின்தொடர்வது போலிருக்கும். பின்தொடர்வது கேமராமேன்தான்!

சாதாரணப் பொருட்களையே பயமுறுத்த வைக்க முடியும். 2009-ல் வெளியான 'யாவரும் நலம்' படத்தில், லிஃப்டும் டி.வி. சீரியலும்தான் கதாநாயகனைக் கலங்க வைக்கும்.

தந்திரம் 4: காட்டாதே!

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தந்திரம். 1975-ல் வந்த 'ஜாஸ்' ஒரு சுறாவைப் பற்றிய ஆங்கிலப் படம். படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா, கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி நின்றுவிட்டது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் என்ன செய்தார் தெரியுமா? சுறாவை அதிகம் காட்டாமல், தண்ணீரையும் 'டண்... டண்...' என்ற இசையையும் வைத்தே சமாளித்தார். சுறாவைக் காட்டியிருந்தால்கூட ஜனங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த சுறாக்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன. அவை நிஜச் சுறாவின் பற்கள்! ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஆச்சரியம்தான் வரும், பயம் வராது. முழுதாகத் தெரிந்துவிட்டால் பயம் ஓடிவிடும்.

2005-ல் வந்த 'சந்திரமுகி' படத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத வரைக்கும்தானே திக்திக்கென்று இருந்தது?

ஆல்பிரட் ஹிட்ச்காக் என்ற இயக்குநர் 1960-ல் எடுத்த, பெரியவர்களுக்கான 'சைக்கோ' படத்தின் டிரெய்லர் 6 நிமிடத்துக்கு மேல் ஓடும். அவரே அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவார். 'இங்கேதான்...' என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். நம் பாட்டுப் புத்தக வித்தை போலவே இருக்கிறது, இல்லையா?

கேள்வி ஒன்று போதும் என்பதற்குத் தமிழிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர் இயக்கி, 1954-ல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்'. பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லை. ஆரம்பத்திலேயே ஒருவர் சுடப்படுகிறார். 'சுட்டது யார்?' என்ற ஒரே கேள்வி, கடைசி வரை எல்லாரையும் நாற்காலி நுனியில் உட்கார வைத்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளைக்குள் 'அமிக்டலா' என்று பாதாம் பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் நம் உடம்பின் காவல்காரர். ஆபத்து போல ஏதாவது தெரிந்தால், நிஜமா பொய்யா என்று விசாரிக்கும் முன்பே மணி அடித்துவிடும். உடனே அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும்; உள்ளங்கை வியர்க்கும். ஓடுவதற்கு உடம்பு தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே, டிரெய்லர் பார்த்துப் பயப்படுகிறவர் கோழை இல்லை. அவருடைய காவல்காரர் சுறுசுறுப்பாக இருக்கிறார், அவ்வளவுதான்! 'அய்யே, பயந்தாங்கொள்ளி' என்று யாரையும் கிண்டல் செய்யாதீர்கள்.

பயத்தை விரட்ட என்ன வழி?

* பயமாக இருந்தால், கண்ணை மூடுவதற்குப் பதில் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

* எத்தனை முறை காட்சி மாறுகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். முடிவு நெருங்க நெருங்க வேகம் கூடும். எண்ணத் தொடங்கினால் நீங்கள் பயப்படுகிறவர் இல்லை, ஆராய்ச்சியாளர்!

* இந்தக் காட்சியை எடுத்தபோது கேமராவுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று யோசியுங்கள். லைட் பிடிப்பவர், மைக் பிடிப்பவர், டீ கொடுப்பவர் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

* தியேட்டரில் காட்டும் டிரெய்லருக்கும் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. 2024 முதல், பெரியவர்களின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய 'யு/ஏ' படங்களை 7+, 13+, 16+ என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். 'ஏ' என்றால் பெரியவர்களுக்கு மட்டும். ஆனால் செல்போனில் தானாக வந்து குதிக்கும் டிரெய்லர்களில் இந்த அடையாளம் இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்குப் பிடிக்கவில்லையா? தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

* அப்படியும் ராத்திரி தூக்கம் வராவிட்டால், மனசுக்குள் வைத்துக் கொண்டு தவிக்காதீர்கள். அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். வெளியே சொன்ன பயம் சின்னதாகிவிடும்.

செய்து பாருங்கள்!

வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கேட்டுக் கொண்டு செல்போனை வாங்குங்கள். உங்கள் தெருவில் ஆறு காட்சிகள் எடுங்கள். பூனை, துணிக் கொடி, மாடிப்படி என்று எதுவாக இருந்தாலும் சரி. அதை ஒரு முறை சிரிப்பு டிரெய்லராகவும், ஒரு முறை திகில் டிரெய்லராகவும் ஒட்டுங்கள். இரண்டையும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரே பூனை, ஒரு முறை சிரிக்க வைக்கும். மறுமுறை அலற வைக்கும். அதன் பிறகு எந்த டிரெய்லர் வந்தாலும், 'ஓ... இந்த வித்தையா? இது எனக்கும் தெரியுமே!' என்று சொல்வீர்கள், பாருங்கள்!